கன்றைக் கொடுத்துக் கறவை வாங்கலாமா?

2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. நமக்கு முற்பகல் பத்தரை மணி தாண்டிய நேரம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நள்ளிரவு. அந்நேரத்தில் அங்கே ஒரு செய்தி கிளம்பியது. டல்லஸ் மேவரிக்ஸ் என்னும் கூடைப்பந்து அணி, தன் நட்சத்திர ஆட்டக்காரர் லூகா டோன்சிச்சை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு ஆண்டனி டேவிஸை வாங்கிக்கொண்டது. முதலில் யாரும் நம்பவில்லை. செய்தியை வெளியிட்ட நிருபரின் கணக்கை யாரோ களவாடி விளையாடுகிறார்கள் என்றே பலர் நினைத்தார்கள்.

நினைத்ததில் தவறில்லை. டோன்சிச்சுக்கு அப்போது வயது 25. டேவிஸுக்கு 31 முடிந்து 32 நடந்துகொண்டிருந்தது. எட்டு மாதத்துக்கு முன்புதான் டோன்சிச் அந்த அணியை என்.பி.ஏ. இறுதிப் போட்டி வரை அழைத்துப் போயிருந்தார். அப்படிப்பட்டவரைக் கொடுத்து, அவரைவிட ஆறு வயது மூத்தவரை வாங்குவதா? டல்லஸ் நிர்வாகி சொன்ன காரணம், தற்காப்பு ஆட்டம் பலப்பட வேண்டும் என்பது. டேவிஸ் டல்லஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு உட்கார்ந்தார். அந்தப் பருவத்தில் டல்லஸ் அடுத்த சுற்றுக்கே போகவில்லை. 2025 நவம்பரில் நிர்வாகியின் வேலையும் போயிற்று.

நம் வாசகர்களில் கிரிக்கெட் தெரியாதவர் கிடையாது. கூடைப்பந்து அப்படியல்ல. பள்ளி நாட்களில் மைதானத்து மூலையில் இரண்டு இரும்புக் கம்பமும் வலை அறுந்த வளையமும் நின்றது நினைவிருக்கும், அதோடு சரி. ஆனால் ஆட்டம் நம் ஊருக்குப் புதிதல்ல. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்களைக் கட்டிடத்துக்குள்ளேயே ஓடவிட வேண்டுமே என்று கண்டுபிடித்த ஆட்டம் இது. அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் இந்தியாவுக்கும் வந்தது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கத்து அன்பர்களுக்கு நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை என்றால் நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் போட்டிக்கு நம் பக்கத்து லோனாவளாவிலிருந்து கடற்படை அணி போவதுண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ‘டிரேடு’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘பரிமாற்றம்’ என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. எனக்கு அது ஏதோ அன்பளிப்புப் போலத் தொனிக்கிறது. எங்கள் ஊர் மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, ஒருவர் விரலை மற்றவர் பிடித்து விலை பேசுவார்களே, அதுதான் இதற்குச் சரியான படம். வாயைப் பிளந்து பல் எண்ணி வயது பார்ப்பார்கள். சுழி பார்ப்பார்கள். நடக்க விட்டுப் பார்ப்பார்கள். வீட்டில் பால் இல்லாதவன் கன்றைக் கொடுத்துக் கறவை கேட்பான். கறவை நாளைக் காலையே பால் தரும். கன்று மூன்று வருஷம் தீனி தின்னும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாது.

என்.பி.ஏ. நடைமுறையில் மூன்று விஷயங்களைப் புரிந்துகொண்டால் போதும். ஒன்று, ஒவ்வோர் ஆண்டும் புதிய இளைஞர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும். தோற்ற அணிகளுக்கு முன்வரிசை கிடைக்க வாய்ப்பு அதிகம். முதல் சுற்றில் எடுத்த பையனுக்கு முதல் நாலு வருஷச் சம்பளம் அட்டவணைப்படிதான். அவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஏறாது. அதாவது நல்ல இளைஞன் ஓர் அணிக்கு மலிவான பொக்கிஷம். இரண்டு, அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு வரம்பு உண்டு. வரம்பைத் தாண்டி நிற்கும் அணி மாற்று செய்யும்போது, கொடுக்கிற சம்பளமும் வாங்குகிற சம்பளமும் ஏறக்குறைய ஈடாக இருக்க வேண்டும். மூன்றாவதுதான் நமக்கு விசித்திரம். அநேக ஆட்டக்காரர்களிடம் ‘போகிறாயா?’ என்று கேட்க வேண்டிய அவசியமே அணிக்குக் கிடையாது. சாயங்காலம் பயிற்சி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனவன், இரவு தொலைபேசியில் தான் வேறு ஊர்க்காரன் ஆகிவிட்டதைத் தெரிந்துகொள்வான். சம்பளம் கோடிக் கணக்கில்தான். இருந்தாலும் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கிறது.

இந்தச் சந்தையில் நடந்த கதைகளில் சார்லட் நகரத்து அணியின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1996இல் சார்லட் ஹார்னெட்ஸ் அணி 13ஆவது இடத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையனைத் தேர்ந்தெடுத்தது. வயது 17. ஒப்பந்தத்தில் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டிய வயது. பெயர் கோபி பிரையன்ட். முன்கூட்டியே பேசி வைத்தபடி, அவரை லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு விளாடே டிவாச் என்ற உயரமான, அனுபவமுள்ள சென்டர் ஆட்டக்காரரை சார்லட் வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு கோபி 20 பருவங்கள் ஒரே அணியில் ஆடினார். ஐந்து முறை சாம்பியன். 2020 ஜனவரியில் அவர் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபோது, கூடைப்பந்து பார்க்காதவர்கள்கூட வருந்தினார்கள்.

ஆக, சார்லட் ஏமாந்த அணி என்று ஊரெல்லாம் சொல்லும். ஆனால் கணக்கைப் பாருங்கள். டிவாச் வந்த முதல் பருவத்தில் சார்லட் 82 ஆட்டங்களில் 54இல் ஜெயித்தது. அடுத்த பருவத்தில் 51. அவர்கள் கேட்டது கறவை. கறவை பால் தந்தது. லேக்கர்ஸுக்கும் கோபியின் திறமை மட்டும் காரணமில்லை. டிவாச்சின் சம்பளச் சுமையை இறக்கி வைத்தால்தான் ஷகில் ஓ'நீலை அழைத்து வரப் பணம் இருக்கும். ஒரே பேரத்தில் ஒருவனுக்கு இன்றைய பால், இன்னொருவனுக்கு நாளைய மந்தை.

இதே சார்லட் அணி 2018இலும் 11ஆவது இடத்தில் ஒரு பையனை எடுத்து, அன்றிரவே கைமாற்றிவிட்டது. ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் என்ற கனடாக்காரர். லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணிக்குப் போனார். ஒரு வருஷம் ஆனது. 2019 ஜூலையில் கிளிப்பர்ஸுக்கு ஆசை வந்தது. காவாய் லெனர்ட் என்ற பெரிய ஆட்டக்காரர் வருவதாக இருந்தார். ஆனால் துணைக்குப் பால் ஜார்ஜும் வர வேண்டும் என்றார். பால் ஜார்ஜ் இருந்தது ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியில். அவர்கள் கேட்ட விலை: ஷே, அவரோடு கலினாரி என்ற அனுபவசாலி, ஐந்து முதல்சுற்றுத் தேர்வு உரிமைகள், போதாததற்கு இரண்டு ஆண்டுகளில் வரிசையை மாற்றிக்கொள்ளும் உரிமை. கிளிப்பர்ஸ் கொடுத்தது. ஷேவுக்கு 21 வயது முடியவே சில நாட்கள் இருந்தன.

கிளிப்பர்ஸ் 2021இல் தங்கள் வரலாற்றில் முதல் முறையாக மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்றுக்கு வந்தார்கள். அதற்கு மேல் போகவில்லை. பால் ஜார்ஜ் 2024இல் வேறு அணிக்குப் போய்விட்டார். ஷே? 2024-25 பருவத்தில் அதிகப் புள்ளி எடுத்தவர், மிகச் சிறந்த ஆட்டக்காரர், இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் எல்லாம் அவரே. ஓக்லஹோமா 2025 ஜூனில் சாம்பியன். அந்த அணியில் ஷேவுக்கு அடுத்த நிலையில் ஆடிய ஜேலன் வில்லியம்ஸ், கிளிப்பர்ஸ் கொடுத்த அந்த உரிமைகளில் ஒன்றால் 2022இல் எடுக்கப்பட்டவர். கன்றோடு மேய்ச்சல் நிலத்தையும் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

இதைப் படித்துவிட்டு, இளைஞனைக் கொடுப்பவன் முட்டாள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 2014இல் கிளீவ்லாந்து அணி அந்த ஆண்டின் முதல் தேர்வான ஆண்ட்ரூ விக்கின்ஸையும், அதற்கு முந்தைய ஆண்டின் முதல் தேர்வான ஆண்டனி பென்னட்டையும் சேர்த்து மினசோட்டாவுக்கு அனுப்பி, கெவின் லவ்வை வாங்கியது. 2016இல் கிளீவ்லாந்து சாம்பியன். அதற்கும் முன்னால் 2007இல் பாஸ்டன், ஆல் ஜெஃபர்சன் முதலிய இளைஞர்களைக் கொடுத்து கெவின் கார்னெட்டை வாங்கி, அடுத்த ஆண்டே கோப்பையை எடுத்தது. 2019இல் லேக்கர்ஸ் தன் இளைஞர்கள் மூவரைக் கொடுத்து வாங்கியது யாரைத் தெரியுமா? இதே ஆண்டனி டேவிஸை. 2020இல் சாம்பியன். விக்கின்ஸும் வீணாகவில்லை; 2022இல் கோல்டன் ஸ்டேட் அணியோடு அவரும் கோப்பையைத் தொட்டார்.

இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. ஜெயித்த கொடுப்பினைகளில், கொடுத்தவர்கள் வீட்டில் ஏற்கெனவே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கிளீவ்லாந்தில் லெப்ரான் ஜேம்ஸ் இருந்தார், 2019 லேக்கர்ஸிலும் அவரே. பாஸ்டனில் பால் பியர்ஸ் இருந்தார். குறைந்தது ஒரே ஒரு பாத்திரம். அதற்காகக் கன்றைக் கொடுத்தார்கள். அடுப்பே இல்லாதவன் கொடுத்தால் கறவை வந்தும் பயனில்லை.

நம் நாட்டில் இந்த வழக்கமே கூடைப்பந்தில் கிடையாது. காரணம் எளிது. நம் ஆட்டக்காரர் ஓர் அணியின் சொத்து அல்ல, ஓர் அலுவலகத்தின் ஊழியர். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தென்னக ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எஃப்., வருமான வரித் துறை, ஓ.என்.ஜி.சி. என்று வேலை கொடுப்பவர்கள்தான் அணியும் வைத்திருப்பார்கள். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கியவர், 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர், தென்னக ரயில்வே ஊழியர். ரயில்வே அவரை வங்கிக்குக் கொடுத்துவிட்டு இரண்டு ஆண்டுகளுக்கான ஆள் தேர்வு உரிமையை வாங்கிக்கொள்ள முடியுமா? பிராவிடண்ட் ஃபண்டை யார் மாற்றுவது! சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. கீழ் நடுத்தர வீட்டுப் பிள்ளைக்கு முட்டி போன பிறகும் மாதச் சம்பளம் வருகிற ஏற்பாடு அது. அமெரிக்க ஏற்பாட்டில் அந்தப் பத்திரம் இல்லை. ஆனால் நம் ஏற்பாட்டில், எங்கே போனால் நன்றாக வளர்வான் என்ற கேள்வியும் எழுவதில்லை. எங்கே காலியிடம் என்பதுதான் கேள்வி.

ஆள் மாற்றுவது என்பதை நாம் கற்றுக்கொண்டது ஐ.பி.எல். கிரிக்கெட் வந்த பிறகு. அதிலும் ரவீந்திர ஜடேஜாவின் கதையை மறக்கக் கூடாது. 2008இல் ராஜஸ்தான் ராயல்ஸ் கோப்பை எடுத்தபோது அவர் பத்தொன்பது வயதுப் பையன். இரண்டு வருஷம் கழித்து, தன் அணியோடு ஒப்பந்தம் முடிக்காமல் வேறோர் அணியோடு பேசினார் என்பதற்காக 2010 பருவம் முழுவதும் ஆடக்கூடாது என்று தடை விதித்தார்கள். அணி தன்னை மாற்றலாம், தான் அணியை மாற்றப் பார்க்கக் கூடாது! 2012இல் சென்னை சூப்பர் கிங்ஸ் ஏலத்தில் இருபது லட்சம் டாலருக்கு எடுத்தது. 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்தில் அவர் அடித்த ஆறையும் நாலையும் நம்மில் எத்தனை பேர் எழுந்து நின்று பார்த்தோம்! 2025 நவம்பரில் அதே ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனை சென்னை வாங்கியது. ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியானது. ஒரு நல்ல விஷயம், ஐ.பி.எல். மாற்றுக்கு ஆட்டக்காரரின் சம்மதம் வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே தன் சம்மதத்தோடு திரும்பினார்.

நம் புனே நகரமும் இதில் சளைத்ததல்ல. 2017இல் ரைசிங் புனே சூப்பர்ஜெயன்ட் அணியில் அஸ்வினுக்குக் காயம். பதிலுக்கு வந்தவர் சென்னையிலிருந்து ஒரு 17 வயதுப் பையன், வாஷிங்டன் சுந்தர். மும்பை வான்கடேயில் நடந்த தகுதிச் சுற்றில் 16 ரன் கொடுத்து மூன்று விக்கெட் எடுத்தார். இறுதிப் போட்டியில் புனே ஒரு ரன்னில் தோற்றது. அவரை வைத்துக்கொள்வதா கொடுப்பதா என்று யோசிக்கும் பாக்கியம் புனேவுக்குக் கிட்டவில்லை. இரண்டு வருஷ ஆயுள் முடிந்து அணியே கலைந்துவிட்டது.

கபடியில் அந்தப் பாக்கியம் கிட்டியது. புனேரி பல்தன் அணி ஈரானிய வீரர் முகமதுரேசா ஷாத்லூயியை 2 கோடியே 35 லட்சத்துக்கு எடுத்தது. அஸ்லம் இனாம்தார் தலைமையில், 2024 மார்ச் 1ஆம் தேதி ஹைதராபாத்தில் ஹரியானாவை வென்று முதல் முறையாகக் கோப்பையை எடுத்தார்கள். அடுத்து என்ன செய்தார்கள்? தாங்கள் வளர்த்த இளைஞர்களை வைத்துக்கொண்டு ஷாத்லூயியை விடுவித்தார்கள். தோற்றுப்போன ஹரியானாவே அவரை 2 கோடியே 7 லட்சத்துக்கு எடுத்தது. 2024 டிசம்பர் 29 அன்று ஹரியானா சாம்பியன் ஆனது. ஆட்டம் நடந்த இடம் நம் பாலேவாடி! பல்தன் அந்த முறை முதல் ஆறு இடங்களுக்குள் வரவில்லை. சரி, தவறிவிட்டார்கள் என்று ஊரே பேசியது. 2025இல் அதே இளைஞர்கள் மறுபடி இறுதி ஆட்டத்துக்கு வந்து, டெல்லியிடம் மூன்று புள்ளியில் தோற்றார்கள். இப்போது எது சரி, எது தவறு? எந்த வருஷத்தில் நின்றுகொண்டு கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நிற்க. இவ்வளவையும் நான் சேகரித்ததற்கு ஒரு காரணம் உண்டு. விமான் நகரில், எங்கள் பக்கத்துக் குடியிருப்புகள் சில சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூடைப்பந்து ஆடுகின்றன. பெரிய போட்டி எதுவுமல்ல. நடுவர் ஊதும் நேரம் பார்த்து லோகேகாவிலிருந்து விமானப்படையின் சுகோய் கிளம்பினால், விசில் யார் காதிலும் விழாது. ஆட்டம் அது பாட்டுக்கு நடக்கும். ஆனால் கோப்பை ஒன்று இருக்கிறது. வருஷா வருஷம் அதை யாரோ எடுத்துக்கொண்டு போகிறார்கள், நாங்கள் எடுத்ததில்லை. பருவத்தின் நடுவில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு விதியும் எப்படியோ சேர்ந்துவிட்டது.

எங்கள் அணியில் ஒரு பையன். பதினாறு வயது, பதினோராம் வகுப்பு, திருநெல்வேலிக் குடும்பம். ஆறடி ஓர் அங்குலம். நல்ல கை, அதைவிட நல்ல கண். யார் எங்கே ஓடுவான் என்று முன்னாலேயே பார்த்துவிடுகிறான். கல்யாணி நகர்ப் பக்கத்து அணி ஒன்று அவனைக் கேட்டது. பதிலுக்கு அவர்கள் தர முன்வந்தது கராடியில் மென்பொருள் வேலை செய்யும் 29 வயது ஆள். ஆறடி நாலு அங்குலம், கல்லூரி அணிக்கு ஆடியவர். அவர் வந்தால் எங்களுக்குக் கோப்பை ஏறக்குறைய நிச்சயம்.

முடிவு செய்ய வேண்டியவர்கள் மூன்று பேர். விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற மராத்தி நண்பர், கேரளத்துப் பெண் ஒருவர் (எங்களுக்குள் உண்மையாக ஆடத் தெரிந்தவர் அவர்தான்), கணக்கு எழுதும் நான். மராத்தி நண்பருக்குச் சந்தேகமே இல்லை. ‘இவன் இன்னும் ஒன்றரை வருஷத்தில் கல்லூரிக்கு எங்கேயோ போய்விடுவான், இருக்கிறவரைக்கும் இவனை வைத்து என்ன வாங்க முடியுமோ வாங்கு’ என்றார். இது சாதாரண வாதம் அல்ல. ஒப்பந்தம் முடியப்போகிற இளைஞனை அமெரிக்க அணிகள் கைமாற்றுவது இதே கணக்கில்தான். 2012இல் இதே ஓக்லஹோமா, சம்பளப் பேச்சு படியாததால் ஜேம்ஸ் ஹார்டனை ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. பேச்சு படியாதவனை வைத்திருந்து சும்மா இழப்பதைவிட, கொடுத்து ஏதாவது வாங்குவது மேல் என்று நினைத்தார்கள். ஹார்டன் பிற்பாடு 2018இல் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார்.

என் கட்சி வேறு. மென்பொருள்காரரின் பல்லையும் எண்ணிப் பாருங்கள் என்றேன். 29 வயது, மாற்றல் வரக்கூடிய வேலை. அவரும் எத்தனை நாள் இருப்பார்? இரண்டு பக்கமும் குத்தகைதான், கிரயம் அல்ல. பிறகு, பதினாறு வயதுப் பையனிடம் ‘உன்னைக் கொடுத்து இவரை வாங்கினோம்’ என்று யார் போய்ச் சொல்வது?

பையனின் அப்பாவிடம் பேசினேன். அவர் கவலை வேறு திசையில் இருந்தது. “அண்ணாச்சி, ஜெயிக்கிறது தோக்கிறது எல்லாம் இருக்கட்டும். அங்க போனா ஏழு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துருவானா? அதச் சொல்லுங்க மொதல்ல. இவ அம்மா என்னையில்லா கேப்பா.”

கேரளத்துப் பெண்தான் எங்கள் இருவர் பேச்சையும் கலைத்தார். “அவன் எந்த இடத்தில் ஆடுகிறான் என்று கவனித்தீர்களா?” என்று கேட்டார். கவனித்தால், விஷயம் அங்கேதான் இருந்தது. எங்கள் அணியில் அவன்தான் உயரம். ஆகவே வளையத்துக்கு அடியில் சென்டராக நிறுத்தி வைத்திருக்கிறோம். ஆறடி ஓர் அங்குலம் எங்கள் மைதானத்தில் உயரம். மாநில அளவில் போனால் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்தும் கார்டுகளின் உயரம். பதினாறு வயதில் பந்தைக் கையாளக் கற்காதவன், இருபது வயதில் தனக்கு உயரம் போதாத இடத்தில்தான் நிற்க வேண்டியிருக்கும். கல்யாணி நகர் அணியில் அவனைவிட உயரமானவர்கள் இருவர். அங்கே போனால் அவன் கார்டு.

எனக்கு உடனே டிர்க் நோவிட்ஸ்கி நினைவுக்கு வந்தார். 1998இல் மில்வாக்கி அணி 9ஆவது இடத்தில் எடுத்து, அன்றிரவே டல்லஸுக்குக் கொடுத்த ஜெர்மன் பையன். மில்வாக்கி வாங்கிக்கொண்டது ராபர்ட் டிரெய்லர் என்ற கனத்த உடம்புக்காரரை. நோவிட்ஸ்கி ஏழடி. ஏழடி ஆள் என்றால் வளையத்தடியில் நில் என்பதுதான் அந்நாளைய சட்டம். டல்லஸ் அவரைத் தூரத்திலிருந்து எறிய விட்டது. 21 பருவம் அங்கேயே ஆடினார்; 2011 ஜூனில் டல்லஸ் சாம்பியன். டிரெய்லர் அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், 34 வயதில், காலமானார். இரண்டு பேரின் வாழ்க்கையையும் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள், எனக்கு அது உறுத்துகிறது.

இதற்கு மறுபக்கம் நம் சத்னம் சிங். பஞ்சாபில் பல்லோ கே என்ற கிராமம். லூதியானா கூடைப்பந்துப் பயிற்சிக் கூடத்தில் சங்கரன் சுப்ரமணியனிடம் கற்றவர். 2010இல் உதவித்தொகையோடு ஃபுளோரிடாவுக்குப் போனார். 2015இல் 52ஆவது இடத்தில் டல்லஸ் அவரைத் தேர்ந்தெடுத்தபோது, இந்தியாவிலிருந்து அப்படித் தேர்வான முதல் ஆள் என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஏழடி இரண்டு அங்குலம். ஆனால் அவர் போய்ச் சேர்ந்த நேரத்தில், வளையத்தடியில் நிற்கும் பெரிய ஆளின் காலம் போய், தூரத்திலிருந்து எறியும் காலம் வந்துவிட்டது. என்.பி.ஏ.வின் முக்கியப் பருவ ஆட்டம் ஒன்றுகூட அவருக்கு வாய்க்கவில்லை. பிற்பாடு அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

ஷேவின் விஷயத்திலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 2019இல் அவர் ஓக்லஹோமா போனபோது, அதே கோடையில் அங்கே வந்து சேர்ந்தவர் கிறிஸ் பால். கார்டு இடத்தின் நுணுக்கங்களைக் கரைத்துக் குடித்தவர். ஒரு பருவம் பக்கத்தில் நின்று ஆடினார்கள். கிளிப்பர்ஸில் லெனர்டுக்கும் ஜார்ஜுக்கும் நடுவில் இருந்திருந்தால் ஷேவின் கைக்குப் பந்து எத்தனை தரம் வந்திருக்கும்? ‘கொடுத்ததால்தான் அவர் வளர்ந்தார்’ என்று சொல்பவர்களுக்கும் கட்சி உண்டு. கொடுத்தவர்கள் அதை நினைத்துக் கொடுக்கவில்லை என்பது வேறு.

கடைசியில் பையனையே கூப்பிட்டுக் கேட்டோம். அதுவரைக்கும் அவனைக் கேட்க வேண்டும் என்று எங்கள் விதிப் புத்தகத்தில் இல்லை. தத்த மந்திர் சௌக்கில் வடாபாவ் வாங்கிக் கொடுத்து, நான்தான் பேச்சை எடுத்தேன். கொஞ்ச நேரம் தின்றுகொண்டே இருந்தான்.

“அங்கிள், நான் போகணும்னு சொன்னா நீங்க எல்லாரும் கோச்சுக்குவீங்களா?”

“கோபம் என்னடா? காரணத்தைச் சொல்லு.”

“இங்க நான் பந்துக்காக நிக்கிறேன். அங்க போனா பந்தை நான் கொண்டு போவேன்.”

அதற்குப் பிறகு மூவருக்கும் பேச அதிகமில்லை. எனக்குத்தான் ஒரு பிடிவாதம் இருந்தது: பையன் போகட்டும், பதிலுக்கு ஆள் வேண்டாம் என்றேன். மராத்தி நண்பர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “அவர்கள் தருகிறேன் என்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னால் அந்த மென்பொருள்காரர் மனசு புண்படாதா?” என்று கேட்டார். அது எனக்குத் தோன்றாத கோணம். வாங்கிக்கொண்டோம். இரண்டு நிபந்தனை வைத்தோம். வார நாட்களில் பையன் எங்கள் மைதானத்திலேயே பயிற்சி செய்யலாம். ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் அவனை அவர்களே ஏழு மணிக்குள் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட வேண்டும். இரண்டாவது நிபந்தனையைக் கல்யாணி நகர்க்காரர்கள் எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஏதோ பெரிய சூட்சுமம் இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

மென்பொருள்காரர் நல்ல மனிதர். வந்த இரண்டு ஆட்டத்திலும் ஜெயித்துக் கொடுத்தார். பெங்களூருக்கு மாற்றல் வரலாம் என்று மூன்றாவது வாரமே சொல்லிவிட்டார். பையன் அங்கே முதல் ஆட்டத்தில் பந்தை ஏழு தரம் எதிராளியிடம் பறிகொடுத்தானாம். அவன் அம்மா எண்ணிக்கொண்டு வந்து சொன்னார். அடுத்த ஆட்டத்தில் நாலு தரம். வளையத்தடியில் நின்ற காலத்தில் அவன் பந்தைப் பறிகொடுத்ததே கிடையாது. பந்தே வராதபோது எதைப் பறிகொடுப்பது!

வருகிற ஞாயிறு எங்களுக்கும் அவர்களுக்கும் ஆட்டம். பந்தோடு வருகிறவனை யார் மறிப்பது என்று நேற்று இரவு வரை பேசினோம். கேரளத்துப் பெண், அவன் இடது கைப் பக்கம் விரட்டினால் தடுமாறுவான், அது தனக்குத் தெரியும் என்றார். தெரிந்ததைப் பயன்படுத்துவது நியாயமா என்று மராத்தி நண்பர் கேட்டார். இன்னும் முடிவாகவில்லை.